மேகப் படகு யாரையும் விட்டுப் போகாது

அத்தியாயம் பதினான்கு

கனவில் அவள் மேகத்தின் மேல் வெறும் காலுறையோடு நின்றுகொண்டிருந்தாள். நினைத்த அளவுக்கு மெத்தென்று இல்லை அந்த மேகம். வெயிலில் காய்ந்த போர்வை மாதிரி லேசாகக் குத்தியது. தூரத்தில் படகு போய்க்கொண்டிருந்தது. துடுப்புப் போடும் வாத்தின் சிவப்புத் தொப்பி மட்டும் தெரிந்தது.

"வாத்தக்கா! நான் இன்னும் ஏறலை!"

குரலே எழும்பவில்லை. படகில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள். அவளும், கொடுமையைப் பாருங்கள், பதிலுக்குக் கையசைத்தாள்.

கண் விழித்தபோது அவள் கை நிஜமாகவே அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரை முழுக்கக் காலை வெளிச்சம்.

"யாருக்கு டாட்டா?" என்றான் கணவன், வாயில் பிரஷ்ஷோடு.

"யாருக்கும் இல்லை."

இந்தப் பக்கத்தை முதல்முறையாகப் புரட்டுகிறவர்களுக்காக இப்போது கொஞ்சம் நிற்கிறேன். தெரிந்தவர்கள் அதற்குள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மனைவி, மொபைல் கேம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்டர். செய்து முடித்த விளையாட்டை ஆடிப் பார்த்து, எங்கே நிற்கிறது, எங்கே இடிக்கிறது என்று பட்டியல் போடுகிறவள். கம்பெனி அவளுடைய அண்ணனுடையது. சின்ன வயதில் அண்ணனின் கணக்கு நோட்டில் தப்பைக் கண்டுபிடித்து அப்பாவிடம் போட்டுக்கொடுத்த நாளிலிருந்து அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இப்போது அது தேய்ந்து வெறும் 'கண்ணாடி'.

கணவன் கார்ட்டூன் கம்பெனியில் இருக்கிறான். வாத்தக்கா அந்தக் கம்பெனியின் சொத்து. வாத்தக்கா படம் போட்டுப் பென்சில் டப்பா செய்தாலும் சரி, பனியன் தைத்தாலும் சரி, கேம் செய்தாலும் சரி, லைசென்ஸ் வாங்க வேண்டும். வெளியே விடும் முன் அவன் மேஜைக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். அதனால் அவனுக்கு 'முத்திரை' என்று பெயர். மகளுக்கு ஆறு வயது. அவள் பெயர் நத்தை. காரணம் வேண்டுமென்றால் அவள் ஷூ போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

அண்ணன் கம்பெனிக்கு வாத்தக்கா லைசென்ஸ் கிடைத்த அன்றே முத்திரை ஒரு சட்டம் போட்டான். "மச்சானுக்குச் சலுகை காட்டினான்னு ஒரு பேச்சு வரக் கூடாது. உன் ஆபீஸ், என் ஆபீஸ், ரெண்டும் செருப்பு ஸ்டாண்டோட நின்னுடணும்." இரண்டு வருஷமாக அந்தச் சட்டத்தை இரண்டு பேரும் மீறவில்லை. மீறியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

வாசலில் வேன் இரண்டு முறை ஹாரன் அடித்தது. நத்தை இடது காலில் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம்டா கண்ணு, போயிடும்!"

"போட்டுட்டேதான் இருக்கேன்மா."

வேன் போய்விட்டது. நத்தை அலட்டிக்கொள்ளவே இல்லை. "வாத்தக்காவா இருந்தா நின்னிருப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு, வலது காலுக்கு வந்தாள்.

 ஆனால் கண்ணாடிக்குத் தெரியும், அனுமதி மட்டும் வந்துவிட்டால், கேம் வெளியாகும் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாத்தக்கா நிற்க மாட்டாள்.

கார்ட்டூனில் வாத்தக்கா மேகத்துக்கு மேகம் படகு ஓட்டுவாள். கிளம்பும் முன் துடுப்பைத் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்பாள். எப்போதும் ஒரு ஆள் ஏறியிருக்காது. தன்னைவிடப் பெரிய மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரு எறும்பு வந்துகொண்டே இருக்கும். அது வந்து சேரும் வரை படகு நகராது. எத்தனையோ குழந்தைகள் அந்த எறும்பு ஏறிய பிறகுதான் தூங்கவே போகிறார்கள். நத்தையும் அந்தக் கூட்டம்தான்.

கேமில் படகுக்கு முப்பது வினாடி. முப்பது முடிந்தால் வாத்தக்கா துடுப்புப் போட்டுக் கிளம்பிவிடுவாள். எறும்பு மேகத்தில் நின்று மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையசைக்கும். இன்னும் பத்து வினாடி வேண்டுமா, ஒரு விளம்பரம் பார்.

கண்ணாடி இதைக் குறைப் பட்டியலில் நாற்பத்தேழாவதாக எழுதியிருந்தாள். போன வாரம் அண்ணன் அதன் மேல் கோடு கிழித்தான்.

"கேம் நிக்குதா? இல்லை. இடிக்குதா? இல்லை. அப்புறம் இது குறை இல்லை, உன் அபிப்பிராயம். நேரம் ஓடலைன்னா அதுல விளையாட்டு எங்கடி இருக்கு? பஸ் ஸ்டாண்டுல உக்கார்ந்த மாதிரி இருக்கும்."

அவள் வாதாடினாள். அவன் களைத்துப்போயிருந்தான். பதினோரு பேர் இரண்டு வருஷமாக உழைத்த கேம் அது. கடைசியில், அனுமதி கேட்டு அனுப்பும் தாளில் 'விளையாடிச் சோதித்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். போடும்போது மனதுக்குள் ஒரே ஒரு நினைப்பு: வீட்டுக்காரர் பார்த்துப்பார். தொப்பி ரிப்பன் ஒரு நூல் அகலமாக இருக்கிறதென்று மூன்று முறை திருப்பி அனுப்பிய மனுஷன், இதை விடுவாரா? அண்ணனிடம் அவள் தோற்றதை, அந்த மேஜை ஜெயித்துக் கொடுத்துவிடும்.

பத்தரை மணிக்கு ஆபீஸில் யாரோ விசில் அடித்தார்கள்.

"அனுமதி வந்தாச்சு!"

படம் வரைகிற பெண் நாற்காலியில் ஏறிக் குதித்தாள். அண்ணன் தன் அறையிலிருந்து ஓடிவந்து தங்கையின் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினான். "பார்த்தியா? உன் வீட்டுக்காரரே விட்டுட்டார். ஒரு வார்த்தை எதிர்ப்பு இல்லை. நீ இனிமே வாயே திறக்கக் கூடாது, கண்ணாடி!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். பிறகு குளியலறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் ஒரு மணி. இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் ஒரு பூங்கா. மரத்தடி பெஞ்சில் இலை நிழல் ஆடிக்கொண்டிருந்தது. காற்று நின்று நின்று வந்தது. புல்வெளியில் யாரோ செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். அந்த நேரத்தில் எதைச் சொன்னாலும் தூக்கத்தில் சொல்வது போலத்தான் இருக்கும்.

"சட்டத்தை மீறப் போறேன்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்த கணவனிடம்.

"இங்க செருப்பு ஸ்டாண்டு இல்லையே. பேசு."

"கேமை விளையாடிப் பார்த்தீங்களா?"

முத்திரை சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறந்தான், மூடினான்.

"தொப்பி பார்த்தேன். இறகோட மஞ்சள் பார்த்தேன். குரல் கேட்டேன். படகோட பலகை எத்தனைன்னு எண்ணினேன்."

"விளையாடினீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"விளையாடிச் சோதித்தவர்னு ஒரு இடம் இருந்துச்சு. அதுல உன் பேர் இருந்துச்சு." அவன் அவளைப் பார்த்தான். "நீ பார்த்ததுக்கு மேல நான் என்னத்தைப் பார்க்கறது? வேற யார் பேர் இருந்திருந்தாலும் உக்கார்ந்து ஒரு நாள் முழுக்க ஆடியிருப்பேன். உன் பேரைப் பார்த்ததும் நிம்மதியா டிக் போட்டுட்டேன்."

அவளுக்கு அவன் மேல் கோபம் வந்தது. எழுந்து நின்று கத்தலாம் போல வந்தது. அடுத்த நொடியே அந்தக் கோபம் முழுக்க அவள் பக்கமே திரும்பியது. அவன் தன்னை நம்புவான் என்று தெரியாதா என்ன? பன்னிரண்டு வருஷக் குடித்தனம். அவன் பார்ப்பான் என்று அவள் விட்டாள். அவள் பார்த்திருப்பாள் என்று அவன் விட்டான். நடுவில் எறும்பு நின்றுவிட்டது.

நாற்பத்தேழாவது குறையைச் சொன்னாள். 

"வாத்தக்கா கிளம்பிடுவாளா?"

"ஆமா."

"எறும்பு கை காட்டுமா?"

"ஆமாங்க."

முத்திரை கண்ணை மூடிக்கொண்டான். "ரிப்பனை அளந்தேனே. வெட்கமா இருக்குடி."

"இப்போ என்ன பண்றது?"

"அனுமதியை வாபஸ் வாங்கி எழுதறேன். விளையாடிப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு."

"வேலை போயிடும்!"

"போனா மச்சான்கிட்டயே ஒரு நாற்காலி கேட்டுக்கறேன்," என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் குரல் இறங்கியது. "இதோ பார். உங்க அண்ணன் தானா நிறுத்திட்டா என் கடிதத்துக்கே அவசியம் இல்லை. நாலரை வரைக்கும் பொறுக்கறேன். அதுக்குள்ள அவர்கிட்ட பேசு."

"பொறுப்பீங்களா? நிஜமா?"

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. முத்திரை நல்லவன், ஆனால் காத்திருக்கத் தெரியாதவன். லிஃப்ட் வராவிட்டால் எட்டு மாடி ஏறிவிடுவான்.

"நாலரை," என்று விரலைக் காட்டிச் சொன்னான்.

அவள் திரும்பி வந்தபோது அண்ணன் அறையில் ஆட்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்குப் போனாள்: "அப்புறம் வா." மூன்று மணிக்குப் போனாள்: "கண்ணாடி, இன்னைக்கு ஒரு நாள் எனக்கு விடுமுறை கொடு." அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

மூன்றே முக்காலுக்கு வேன், நத்தையை ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அவள் இங்கேதான் வருவாள்.

"வாடி என் செல்லமே!" அண்ணன் மருமகளைத் தூக்கிச் சுற்றினான். "ஊர் உலகத்துக்கு முன்னாடி உனக்குத்தான் காட்டப் போறேன். மாமா என்ன செஞ்சிருக்கேன் பாரு!"

கண்ணாடி தடுக்க வாய் திறந்தாள். பிறகு, என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டாள்.

ஜன்னல் ஓர சோபாவில் நத்தை உட்கார்ந்தாள். போனில் மேகங்கள் விரிந்தன. அழகுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. இளஞ்சிவப்பு மேகம், அதன் அடியில் நீல மேகம், நடுவே தண்ணீர்ச் சத்தம். வாத்தக்கா துடுப்பைத் தூக்கினாள். "எல்லாரும் ஏறியாச்சா?"

"இல்லை!" என்று கத்தினாள் நத்தை. "எறும்பு வருது, இரு!"

அவசரமே இல்லாமல் விரலால் எறும்பை நகர்த்தினாள். வழியில் ஒரு நட்சத்திரத்தைக் காட்டினாள், ஒரு மேகத்தைத் தொட்டுப் பார்த்தாள். முப்பது வினாடி முடிந்தது. வாத்தக்கா துடுப்புப் போட்டாள். படகு போனது. எறும்பு மூட்டையைக் கீழே வைத்துக் கையசைத்தது.

'இன்னும் பத்து வினாடி?' என்றது திரை.

நத்தை அதைத் தொடவில்லை. அழவும் இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னடா, அவ்வளவுதானா? மறுபடி ஆடு," என்றான் அண்ணன்.

"வெயிட் பண்றேன் மாமா."

"எதுக்கு?"

"வாத்தக்கா திரும்பி வருவா. தெரியாம போயிட்டா. எறும்பைக் காணோம்னு பாதி வழியில பார்ப்பா இல்ல?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. ஜன்னல் வழியே வந்த வெயில் சோபாவின் கைப்பிடியிலிருந்து குழந்தையின் முழங்காலுக்கு நகர்ந்தது. நத்தை போனை மெதுவாக இடது பக்கம் சாய்த்தாள். பிறகு வலது பக்கம். திரையில் எறும்பு நின்ற மேகம் இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது. எறும்பு கையசைப்பதை நிறுத்திவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தது. இன்னும் இரண்டு ஆட்டம். எறும்பின் கண் சொக்கியது.

"என்ன பண்றே?" அண்ணனின் குரல் மாறியிருந்தது.

"ஆட்டறேன். பயமா இருக்கும் அதுக்கு. ஆட்டினா தூங்கிடும். வாத்தக்கா வந்ததும் எழுப்பிக்கலாம்."

அந்த ஆட்டத்தை எழுதியதே அண்ணன்தான். போனைச் சாய்த்தால் மேகம் சாயும், ஆட்டினால் எறும்பு தூங்கும். போன வருஷம் ஒரு மழை நாளில் சும்மா ஆசைக்குச் செய்துவைத்தது. முப்பது வினாடி ஓட்டத்தில் யாரும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவனே மறந்துவிட்டான்.

அவன் சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டான். மேகம் ஆடுவதைப் பார்த்தான். ஆபீஸில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், காதில் விழவில்லை. குழந்தை, போன், மேகம், எறும்பு எல்லாம் ஒரே தாளத்தில் போய் வந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்கே காலடித் தரை லேசாக மிதப்பது போல இருந்தது.

"எவ்வளவு நேரம்டா வெயிட் பண்ணுவே?"

"வர்ற வரைக்கும்," என்றாள் நத்தை, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாற்பத்தேழு," என்றான்.

"ம்."

"காத்திருந்தா விளையாட்டு எங்கன்னு கேட்டேன் இல்ல? இந்தா உக்கார்ந்திருக்கு." எழுந்தான். அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "இன்னைக்கு வெளியீடு இல்லை. படகு நிக்கட்டும். முப்பது வினாடியை எடுங்க, விளம்பரத்தை எடுங்க. காத்திருக்கற நேரத்துல என்ன பண்ணலாம்னு நாளைக்குக் காலையில எல்லாரும் இந்தக் குழந்தைகிட்ட வந்து கேட்டுக்கலாம்."

யாரும் விசில் அடிக்கவில்லை. ஆனால் படம் வரைகிற பெண் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் அந்த எறும்பு கை காட்டறதை வரையவே பிடிக்கலை சார்."

கண்ணாடி கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு இருபத்திரண்டு. சந்தோஷத்தோடு போனை எடுத்தாள். நிறுத்திட்டான், நீங்க அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

போனில் ஏற்கெனவே ஒரு செய்தி காத்திருந்தது. நான்கு ஐந்துக்கு வந்தது.

'பொறுக்க முடியலை. அனுப்பிட்டேன். எங்க ஆபீஸ் பெரியவர் கூப்பிடறார். போனை ஆஃப் பண்றேன்.'

அவள் அதை அண்ணனிடம் காட்டினாள். படித்து முடித்ததும் அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "மாப்பிள்ளை ஏன்டி இப்படிப் பண்ணினார்? நான் செஞ்ச தப்புக்கு அவரா?"

"மூணு பேரும்தான் அண்ணா செஞ்சோம். என் கையெழுத்தும் அதுல இருக்கு. நானும் எழுதிக் கொடுக்கறேன்."

ஐந்தரைக்கு அண்ணனும் தங்கையும் நத்தையும் காரில் கார்ட்டூன் கம்பெனி வாசலில் இருந்தார்கள். மாலை வெயில் கட்டடத்தின் ஜன்னல்களில் எல்லாம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. கதவு திறந்து திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அவன் வரவில்லை. மூன்றாவது மாடி ஜன்னலில் ஒரு நிழல் போனது, வந்தது. அது அவனா, பெரியவரா என்று தெரியவில்லை.

ஐந்தே முக்கால். ஆறு. காவலாளி வந்து கார் ஜன்னலைத் தட்டினார். "சார், இங்க நிறுத்தக் கூடாது. எடுங்க."

"ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாமா?" அண்ணன் சாவியைத் திருகினான். கார் உறுமியது.

பின் சீட்டிலிருந்து நத்தை முன்னால் சாய்ந்தாள்.

"எல்லாரும் ஏறியாச்சா?"



"அப்பா ஏறலையே மாமா."

அண்ணன் சாவியைத் திருப்பினான். உறுமல் நின்றது. காவலாளியைப் பார்த்துக் கை கூப்பினான். "ஐயா, எங்க ஆள் ஒருத்தர் வரணும். திட்டினாலும் பரவாயில்லை, இங்கேயே இருக்கோம்." காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். குழந்தை முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு அதை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தலையைச் சொறிந்துகொண்டே நகர்ந்துவிட்டார்.

அப்போது கதவு திறந்தது. முத்திரை தனியாகப் படியில் இறங்கினான். காலையில் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டை இப்போது இல்லை. முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. காரைப் பார்த்ததும் நடுப்படியில் நின்றுவிட்டான். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி அசைத்தான்.

அவள் பதிலுக்குக் கையசைக்கவில்லை. கார்க் கதவைத் திறந்து, தள்ளி உட்கார்ந்து, அவனுக்கு இடம் விட்டாள்.